மேக அறைக்குள் ஆல்பாவையும் பீட்டாவையும் பார்த்தேன்

கதிரியக்கப் பொருள்களிலிருந்து மூன்று வகைக் கதிர்கள் வரும். ஆல்பா என்றால் இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான். பீட்டா என்றால் எலக்ட்ரான். காமா என்றால் மின்காந்தக் கதிர். தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்தவன்தான் நானும். துகள்கள் போகும் பாதையைத் துளிக் கோடாகக் காட்டும் மேக அறை ஒன்றை நானே செய்து பார்த்த பிறகுதான் மூன்றும் எப்படி வேறு வேறு என்று விளங்கியது.

அமைப்பு எளிது. கண்ணாடித் தொட்டியின் அடிப்பக்கத்தில் தடித்த துணியை ஒட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நன்றாக நனைத்து, கருப்பு பூசிய உலோகத் தகட்டின்மேல் தொட்டியைக் கவிழ்க்க வேண்டும். தகட்டுக்குக் கீழே உலர் பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு), சுமார் மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம். மேலிருந்து இறங்கும் ஆவி, தகட்டை ஒட்டிய மெல்லிய அடுக்கில் துளியாக மாறத் தயாராக நிற்கும். மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று பாய்ந்தால், அது விட்டுச்செல்லும் அயனிகளை, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்களை, சுற்றித் துளிகள் கூடிக் கோடாகத் தெரியும்.

முதல் இரண்டு முறையும் ஒன்றும் தெரியவில்லை. முதலில் விளிம்பில் காற்று கசிந்தது. களிமண் வைத்து அடைத்தேன். அடுத்த முறை டார்ச்சை மேலிருந்து அடித்துவிட்டேன். வெளிச்சம் பக்கவாட்டில், தகட்டை ஒட்டி வர வேண்டும். மூன்றாம் முறை பத்து நிமிடம் காத்திருந்தபின் தூறல் போல் துளிகள் விழுந்தன. அப்புறம் நூல் போல நீளமாக ஒரு கோடு. உள்ளே நான் இன்னும் எதையுமே வைக்கவில்லை! விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் உண்டான மியூவானாக, அதாவது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகளாக இருக்க வேண்டும்.

பிறகு தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த டங்ஸ்டன் வெல்டிங் கம்பியை உள்ளே வைத்தேன். (அந்தக் கம்பியை அரைக்கவோ தேய்க்கவோ கூடாது, தூசி உள்ளே போனால் ஆபத்து.) கம்பியிலிருந்து குட்டையான, தடித்த வெள்ளைக் கோடுகள் பீறிட்டன. சில சென்டிமீட்டர்தான், ஆனால் அம்பு போல நேர். ஆல்பா எலக்ட்ரானைவிட ஏறத்தாழ 7,300 மடங்கு கனம்; வழியில் மோதும் எலக்ட்ரான்கள் அதை அசைப்பதில்லை. அந்தச் சிறு தூரத்துக்குள் லட்சத்துக்கும் மேற்பட்ட அயனி இணைகளை உண்டாக்கிவிட்டு நின்றுவிடுகிறது. கோடு தடிப்பாக இருப்பதற்கும் குட்டையாக இருப்பதற்கும் காரணம் ஒன்றேதான்.

கம்பியைத் தாளில் சுற்றி வைத்தேன். தடித்த கோடுகள் நின்றுபோயின. மெல்லிய, நெளிந்த இழைகள் மட்டும் மிஞ்சின. அவை பீட்டா. ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது வெளிவரும் எலக்ட்ரான்கள். சில நேராக ஓடின, சில சுருண்டு நின்றன. ஒரே வகைச் சிதைவிலிருந்து வரும் எலக்ட்ரான்களுக்கே ஆற்றல் ஏன் இப்படிக் கூடிக் குறைகிறது என்ற புதிருக்கு விடையாகத்தான், கண்ணுக்குச் சிக்காத இன்னொரு துகளும் கூடவே போகிறது என்று 1930இல் இயற்பியலாளர் பவுலி சொன்னார். நியூட்ரினோ எனப்படும் அந்தத் துகள் என் மேக அறையில் ஒரு துளியைக்கூட உண்டாக்கவில்லை.

காமாவுக்கும் சொந்தக் கோடு கிடையாது. எங்கிருந்தோ திடீரென்று தொடங்கும் சில இழைகளை, அது தட்டிவிட்ட எலக்ட்ரான்கள் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

கடைசியாக, தோரியம் உள்ள பழைய கேஸ் விளக்கு மேண்டிலை (சுடரைச் சுற்றி ஒளிரும் வலை) ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, வாயில் பஞ்சு அடைத்து, உள்ளிருந்த காற்றை மட்டும் மேக அறைக்குள் அமுக்கினேன். கம்பியே இல்லாத வெட்டவெளியில் இரட்டைக் கோடுகள் முளைத்தன. ஒரு புள்ளியிலிருந்து இரண்டு ஆல்பா, கவட்டை போல! தோரியத்தின் சிதைவில் உண்டாகி, காற்றோடு வந்த ரேடான்-220 என்ற வாயு ஓர் ஆல்பாவை உமிழ்ந்து பொலோனியம்-216 ஆகிறது. பொலோனியத்தின் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம், சுமார் 0.15 விநாடி. இடம்விட்டு நகர்வதற்குள் அது அடுத்த ஆல்பாவை உமிழ்ந்து ஈயம்-212 ஆகிவிடுகிறது. ஓர் அணு இருமுறை தன் பெயரை மாற்றிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். மூச்சு விடவே மறந்துபோனது.

ரேடான்-220இன் அரை ஆயுள் 56 விநாடிதான். கவட்டைகள் நிமிடத்துக்கு நிமிடம் குறைந்தன. ஐந்து நிமிடத்தில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. மறுபடி பாட்டிலை அமுக்கினேன்.