மயக்கம்னா எந்த மயக்கம்?

போன தடவை 9 மார்க்ல போச்சு. டிஎன்பி ஃபேமிலி மெடிசின்னு எம்பிபிஎஸ்க்கு அப்புறம் படிக்கிற மேற்படிப்பு, அதோட தியரில நாலு பேப்பர், ஒவ்வொண்ணும் நூறு மார்க், மூணு மூணு மணி நேரம் உக்காந்து எழுதணும், மொத்தத்துல 200 வந்தா தான் பிராக்டிகலுக்கே கூப்பிடுவாங்க, நான் எடுத்தது 191. ரிசல்ட் வந்த அன்னைக்கு ஓபில எம்பது பேர், அழக்கூட நேரமில்ல, சாயங்காலம் பஸ்ல ஜன்னல் சீட் கெடச்சப்புறம் தான் அழுதேன்.

படிக்காம எல்லாம் போகல. விடிய விடிய படிச்சேன். ஆனா படிச்ச விதம் எம்பிபிஎஸ்ல படிச்ச அதே விதம், அதாவது ஒரு நோயோட பேர எடுத்துக்க வேண்டியது, காரணம், அறிகுறி, டெஸ்ட், மருந்துன்னு வரிசையா மனப்பாடம் பண்ண வேண்டியது. பேப்பர்ல வந்த கேள்வி எப்படி இருந்துச்சுன்னா, அறுபத்தஞ்சு வயசுல ஒருத்தர் தலைசுத்துன்னு உங்க கிளினிக்குக்கு வர்றார், எப்படி அணுகுவீங்க. எனக்கு உள்காது நோய் தெரியும், சிறுமூளைல வர்ற ஸ்ட்ரோக் தெரியும், ஆனா இந்த மனுஷன் கதவைத் தொறந்து உள்ள வர்றாரே, அவர்கிட்ட முதல் கேள்வி என்ன கேக்கணும்னு பேனா நகரவே இல்ல. இத்தனைக்கும் தினம் ஒரு நாலு பேர பாக்குறேன் அதே கம்ப்ளெயிண்டோட.

அப்புறம் தான் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கினேன். அதுல நோய் பேரே எழுதக்கூடாதுன்னு ஒரு முடிவு. பேஷன்ட் வாயில என்ன வார்த்தை வருதோ அது தான் தலைப்பு. கிறுகிறுப்பு, வாயு, சூடு, சளி கட்டிருக்கு, காலு மதமதன்னு இருக்கு, நெஞ்சு படபடன்னு அடிக்குது. ஒவ்வொரு தலைப்புக்கும் கீழ, இத சொல்றவங்களுக்கு என்னவெல்லாம் இருக்கலாம், எத விட்டுட்டா ஆள் போயிருவாங்க, நான் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி எது, அவ்ளோதான். பதில் தெரியாதத ராத்திரி புக்ல பாத்து ரொப்புவேன்.

முதல் பக்கம் மயக்கம். இந்த ஒரு வார்த்தைக்கே ஆறு பக்கம் போயிருச்சு.

ஏன்னா நம்ம ஊர்ல மயக்கம்னா எல்லாமே தான். தலை சுத்துனாலும் மயக்கம், கண்ணு இருட்டிட்டு வந்தாலும் மயக்கம், நெஜமாவே நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம், மாசமா இருக்குற பொண்ணுக்கு குமட்டுனாலும் மயக்கம், தூக்க மாத்திரை போட்டு அசந்து கெடந்தாலும் மயக்கம். மதுரை பக்கம் நாங்க இப்படி சொல்றோம்னா, என் கூட படிக்கிற நாகர்கோவில் ஃப்ரெண்டு அவ ஓபில கிறக்கம்னு சொல்லுவாங்கன்றா. இங்கிலீஷ் புக்ல இத நாலு வகையா அழகா பிரிச்சு குடுத்திருப்பான், சுத்துற உணர்வு, விழப்போற உணர்வு, நடை தள்ளாட்டம், எதுலயும் சேராதது. அத அப்படியே கேட்டா யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. "ஐயா, வீடு சுத்துதா, இல்ல நீங்க விழப் போற மாதிரி இருக்கா?" "ரெண்டும் தாம்மா." முடிஞ்சுது.

நான் இப்ப கேக்குறது ஒரே கேள்வி, "என்ன பண்ணும்போது வருது?"

படுக்கையில பொரண்டு படுக்கும்போது வருது, ஒரு நிமிஷத்துக்குள்ள நின்னுருதுன்னா அநேகமா உள்காதுல இருக்குற குட்டிக் கல் எடம் மாறின விஷயம், தலையத் திருப்பி சட்டுனு படுக்க வச்சு பாக்குற டிக்ஸ் ஹால்பைக் டெஸ்ட் பண்ணிட்டு, தலையத் திருப்பித் திருப்பியே கல்ல எடத்துக்கு கொண்டு போற எப்லி பண்ணா பாதி பேர் பெஞ்ச விட்டு எந்திரிக்கும்போதே சிரிக்கிறாங்க, மாத்திரையே வேண்டாம். காலைல சாப்பிடாம சுகர் மாத்திரைய மட்டும் போட்டுட்டு ரேஷன் கடை வரிசைல நிக்கும்போது வேர்த்துக் கொட்டி வருதுன்னா முதல்ல குளுக்கோமீட்டர எடுக்கணும், 70க்கு கீழ போயிருந்தா மத்த ஆராய்ச்சி எல்லாம் அப்புறம். எதுவுமே பண்ணாம சும்மா உக்காந்திருக்கும்போது திடீர்னு ஆரம்பிச்சு நிக்கவே மாட்டேங்குது, கூடவே பேச்சு கொழறுது, ரெண்டு ரெண்டா தெரியுதுன்னா அங்க நாம யோசிச்சுட்டு இருக்கவே கூடாது, ஸ்கேன் இருக்குற எடத்துக்கு அனுப்பிரணும்.

ஒரு தாத்தா, எழுபத்திரெண்டு வயசு. நாலு எடத்துல பாத்துட்டு வந்தார், நாலு எடத்துலயும் அதே தலைசுத்து மாத்திரை. என்ன பண்ணும்போது தாத்தான்னேன். "ராத்திரி ஒண்ணுக்குப் போக எந்திரிப்பேன் தாயி, அப்பத்தான்." படுக்க வச்சு பிபி பாத்தா 148க்கு 86. எந்திரிச்சு நிக்க வச்சு மூணு நிமிஷத்துக்குள்ள பாத்தா 118க்கு 74. மேல 20 இல்ல கீழ 10 குறைஞ்சாலே கணக்கு, இவருக்கு ரெண்டுமே தாண்டிருச்சு. மஞ்சப்பையைக் கொட்டி பாத்தா பிபி மாத்திரை ஒண்ணு, ஒண்ணுக்கு ஃப்ரீயா போக புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் ஒண்ணு, ரெண்டும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். எழுதுனது ரெண்டு வேற வேற டாக்டர், ஒருத்தர் எழுதுனது இன்னொருத்தருக்கு தெரியாது. மாத்திரைய மாத்தி அமைச்சு, எந்திரிக்கும்போது கட்டில் ஓரத்துல ரெண்டு நிமிஷம் காலத் தொங்கப்போட்டு உக்காந்துட்டு எந்திரிங்கன்னு சொல்லி அனுப்புனேன். அன்னைக்கு ராத்திரி நோட்டுல பெருசா எழுதினேன், மஞ்சப்பை பாக்காம மயக்கத்துக்கு மருந்து எழுதாதே. பரீட்சைக்கு வயசானவங்க மருந்துப் பட்டியல்னு ஒரு தனி டாபிக் உண்டு, அது எனக்கு இந்த பைய கொட்டுனதுல தான் ஏறுச்சு.

வாயு பக்கம் எழுதுறப்ப இப்பவும் கை கொஞ்சம் நடுங்கும்.

லாரி ஓட்டுற அண்ணன் ஒருத்தர், அம்பது அம்பத்திரெண்டு இருக்கும். "வாயு புடிச்சிருச்சு டாக்டர், மேல் வயித்துல நிக்குது, ஏப்பம் வந்தா சரியாயிரும், ஒரு ஊசி மட்டும் போட்டு விடுங்க, லோடு நிக்குது." நானும் ராத்திரி புரோட்டா சாப்பிட்டீங்களான்னு கேட்டேன், ஆமான்னார், வயித்து அமிலத்தக் குறைக்குற பான்டப்ரசோல் ஊசின்னு சீட்டு எழுதியே குடுத்துட்டேன். ஊசி போட போன சிஸ்டர் அக்கா திரும்பி வந்து என் காதுகிட்ட, "டாக்டர், சட்டை பூரா நனைஞ்சிருக்கு, ஃபேனுக்கு அடியில தான் உக்காந்திருக்கார்"னு சொன்னாங்க. ஈசிஜி எடுத்தா லீட் 2, 3, ஏவிஎஃப் மூணுலயும் எஸ்டின்ற கோடு மேல ஏறி நிக்குது. இதயத்தோட அடிப்பகுதி அட்டாக், அது வயித்து வலியா, குமட்டலா, வாயுவா தான் வேஷம் கட்டும்னு எத்தனை தடவ படிச்சிருப்பேன். ஆஸ்பிரின மென்னு முழுங்கக் குடுத்து, வலது பக்க லீடும் எடுத்து பாத்து, ஆம்புலன்ஸ்ல ஏத்தினோம், பொழச்சுக்கிட்டார். புக்ல நெஞ்சு வலின்னு வந்தா பத்து நிமிஷத்துக்குள்ள ஈசிஜின்னு போட்டிருக்கும். எங்க ஊர்ல முக்காவாசி பேர் நெஞ்சு வலின்னு சொல்றதே இல்லையே, அந்த வரிய நான் எந்த வார்த்தைக்கு கீழ எழுதி வச்சுக்கணும்? வாயுக்கு கீழ தான். நாப்பது தாண்டினவர் வாயுன்னு சொன்னா ஈசிஜி, தண்டச்செலவுன்னு யாராவது திட்டினா திட்டிட்டு போகட்டும்.

சூடு சின்ன பக்கம் தான். கல்யாணம் ஆன புதுசுல பொண்ணுங்க மாமியாரோட வருவாங்க, "உடம்பு சூடு டாக்டர், இளநி குடிச்சும் அடங்கல"ன்னு மாமியார் தான் சொல்லுவாங்க. நீர்க்கடுப்பு தான் அது, கர்ப்பமா இல்லையான்னு முதல்ல பாத்துக்கிட்டு நைட்ரோஃப்யூரன்டாயின்ன்ற ஆன்டிபயாடிக் அஞ்சு நாள். ஆனா அந்தப் பொண்ணு நெஜமா கேக்க வந்தது வேறயா இருக்கும், மாமியார் பார்மசி வரிசைக்குப் போனப்புறம் கதவைப் பிடிச்சுக்கிட்டு, "அப்புறம் டாக்டர், எட்டு மாசம் ஆச்சு, இன்னும் தங்கல." ஒரு வருஷம் வரைக்கும் பொறுத்துப் பாக்கலாம், முப்பத்தஞ்சு வயசு தாண்டிருந்தா தான் ஆறு மாசத்துலயே பாக்கணும், இத சொல்ல எனக்கு முப்பது செகண்ட் ஆகும். அத அவ கேக்குறதுக்கு தான் ஒரு வாரம் சூடு தேவைப்பட்டிருக்கு.

ராத்திரி பத்து மணிக்கு மேல நாங்க மூணு பேர் ஃபோன்ல படிப்போம், நான், நாகர்கோவில்காரி, தர்மபுரி பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல இருக்குற தம்பி. ஒருத்தர் பேஷன்ட், ஒருத்தர் டாக்டர், ஒருத்தர் எக்ஸாமினர். ரூல் என்னன்னா பேஷன்ட் தமிழ்ல தான் பேசணும், அதுவும் தெளிவாவே பேசக்கூடாது. தம்பி இதுல பெரிய நடிகன். ஒரு நாள் நாய் கடிச்ச கேஸ் எடுத்தான், "கடிக்கல சார், பிராண்டுச்சு அவ்ளோதான், அதுவும் எங்க வீட்டு நாய் தான், மஞ்சப்பொடி வச்சிட்டோம், தொப்புளைச் சுத்தி ஊசின்னா நான் வரல"ன்னு ஒரே மூச்சுல. ரத்தம் வராத பிராண்டல்னா இரண்டாம் வகை, பதினஞ்சு நிமிஷம் சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவணும், தடுப்பூசி தோலுக்குள்ள 0, 3, 7, 28ம் நாள், ரத்தம் வந்திருந்தா மூணாம் வகை, காயத்துலயே, ரேபிஸ் கிருமிய உடனே எதிர்க்குற இம்யூனோகுளோபுலினும் போடணும். இத எல்லாம் ஒப்பிச்சுட்டேன். "அக்கா, தொப்புள் ஊசி பயத்துக்கு நீ பதிலே சொல்லலையே, நான் எந்திரிச்சு வீட்டுக்கு போயிட்டேன்"னு ஃபோன வச்சுட்டான். வயித்துல ஊசி போட்ட காலமெல்லாம் மலையேறிப் போச்சு, இப்ப கையில தான்னு ஒரு வரி. அந்த ஒரு வரி தான் எனக்கு வரல.

மழை சீசன்ல டெங்கு பக்கம் ரொம்பிச்சு. எல்லாரும் பிளேட்லெட் எத்தனை எத்தனைன்னு தான் கேக்குறாங்க, கையில பப்பாளி இலைச் சாறு பாட்டிலோட. நான் வீட்டுக்கு அனுப்பும்போது சொல்றது, காய்ச்சல் விட்ட அன்னைக்கு தான் எனக்கு பயம், அன்னைக்கு வயிறு வலிச்சாலோ, வாந்தி நிக்கலைன்னாலோ, புள்ள சோந்து போய் கெடந்தாலோ நடு ராத்திரின்னாலும் தூக்கிட்டு வாங்க. காய்ச்சல் விட்டா நல்லதுதானே டாக்டரம்மான்னு அவங்க கேக்குறதுலயும் நியாயம் இருக்கு, அதனால ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு ரத்தம் கெட்டியாகுற கதைய ரசம் வத்துற கதையா சொல்லிப் பாக்குறேன்.

சுகர் பக்கம் ஒண்ணு மட்டும் சொல்லிட்டு விட்டுறேன். ஹீமோகுளோபின் 8ல இருக்குற ஒரு அம்மா, மூணு மாச சராசரி சுகரக் காட்டுற ஹெச்பிஏ1சி 6.7னு ரிப்போர்ட்டோட வந்தாங்க, 6.5 தொட்டாலே சுகர்னு தான புக்ல இருக்கு. ஆனா இரும்புச்சத்து குறைவு இருந்தா அந்த நம்பர் பொய்யா ஏறும். வெறும் வயித்துல பாத்தா 98, குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு 132. அவங்களுக்கு வேண்டியது இரும்பு மாத்திரையும், மாசா மாசம் அவ்ளோ ரத்தம் ஏன் போகுதுன்னு ஒரு கேள்வியும் தான்.

பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கு. நோட்டு மூணாவது ஓடுது. ஓபி டேபிள் மேலயே கெடக்குறதால சிஸ்டர் அக்காவும் எடுத்துப் படிக்கிறாங்க போல, நேத்து திறந்தா கடைசிப் பக்கத்துல அவங்க கையெழுத்து, "உள்காய்ச்சல். இந்த வாரம் மட்டும் ஆறு பேர். தெர்மாமீட்டர்ல ஒண்ணும் இல்ல. இதுக்கு என்ன கேக்கணும் டாக்டர்?"

தைராய்டு, டிபி, தூக்கம், மனசு வரைக்கும் எழுதிட்டேன். முதல் கேள்வி எதுன்ற எடம் மட்டும் இன்னும் காலியா தான் இருக்கு, இன்னைக்கு பத்து மணிக்கு தம்பிய உள்காய்ச்சல் பேஷன்ட்டா நடிக்கச் சொல்லணும்.