84-ஆம் நாள் அறுவடையில் வந்து விழுகிறது

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் நான் உறுப்பினராக இருக்கிறேன். எத்திக்ஸ் கமிட்டி என்று கேட்டால்தான் அங்கே வாட்ச்மேன் வழி சொல்வார். மருந்தோ, பல் சிகிச்சையோ, மனநலக் கவுன்சலிங்கோ, எதையும் ஆட்களிடம் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் இந்தக் குழுவின் அனுமதி வேண்டும். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. வலங்கைமான் பக்கம் கூட்டுறவு சொசைட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 2019-இல் வந்த புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகளுக்கான விதிகளின்படி குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். தலைவரும் வெளியாள்தான். மருத்துவம் தெரியாத ஒரு சாதாரண ஆள் கட்டாயம் வேண்டும். அவர் வராவிட்டால் மருந்து ஆய்வுக்கான கூட்டம் செல்லாது. அந்த ஆள் நான்.

எந்த ஆய்வு, யாருடைய மருந்து என்றெல்லாம் வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதனால் அடையாளம் தெரியாத அளவுக்கு மட்டும் எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கட்டுக் கட்டாகத் தாள் வரும். மருந்து உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்ற பக்கங்களைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் முதலில் தேடுவது ஒரே ஒரு அட்டவணையை. நோயாளி எந்தெந்த நாளில் வர வேண்டும் என்று அதில்தான் இருக்கும். நாள் 0, நாள் 14, நாள் 28, நாள் 56, நாள் 84. பென்சிலை எடுத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நம் மாதத்தைக் குறித்துக்கொள்வேன்.

சொசைட்டியில் பயிர்க்கடனும் நகைக்கடனும் எழுதிய கை இது. எந்த மாதம் யார் கையில் காசு இருக்கும், எந்த மாதம் யாருக்கு மூச்சு விட நேரம் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் ஒரு கணக்கு, திறக்காவிட்டால் வேறு கணக்கு.

ஒரு முறை கால் புண் சம்பந்தப்பட்ட ஆய்வு ஒன்று வந்தது. கார்த்திகை முதல் வாரம் ஆட்களைச் சேர்க்கத் தொடங்குவதாகத் திட்டம். பென்சிலால் குறித்துப் பார்த்தேன். 56-ஆம் நாள் பொங்கலுக்கு முந்தின இரண்டு மூன்று நாளில் வருகிறது. 84-ஆம் நாள் தை கடைசியில், சம்பா அறுவடைக்கு நட்ட நடுவில் வந்து விழுகிறது. அந்தச் சமயத்தில் எங்கள் பக்கம் யாரும் யாருக்கும் நாள் குறித்துக் கொடுக்க முடியாது. அறுவடை மெஷின் எப்போது வருகிறதோ அப்போதுதான் அறுப்பு. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வரும்வரை காயவைக்க வேண்டும். மேகம் கறுத்தால் தார்ப்பாய் போட வேண்டும், முறை வரும்வரை ராத்திரியும் குவியல் பக்கத்திலேயே படுக்க வேண்டும். அந்த ஆளைத் தஞ்சாவூருக்கு வந்து புண்ணை அளந்து போகச் சொன்னால் வருவாரா?

அதுவும் காலை ஏழரைக்கு, வெறும் வயிற்றில். ரத்தம் எடுக்க வேண்டுமாம். முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளி, காலில் புண், வயது அறுபதுக்கு மேல். விடியாத நேரத்தில் பஸ் ஏறி, மன்னார்குடியில் இறங்கி வேறு பஸ் மாறி, ஒரு வாய் காப்பிகூட இல்லாமல் வந்து சேர வேண்டும். “சார், வழியில மயக்கம் போட்டு விழுந்தா யார் தூக்குறது?” என்று கேட்டேன். ஆய்வை நடத்தும் டாக்டர் நல்லவர். “பயணப்படி கொடுக்கிறோம் மேடம், ரத்தம் எடுத்ததும் டிபனும் வாங்கிக் கொடுத்துடுவோம்” என்றார். எடுத்த பிறகு கொடுக்கும் இட்லி சரி; அதற்கு முந்தின நான்கு மணி நேரம்தான் என் கவலை. கடைசியில், தொலைவில் இருப்பவர்களுக்குப் பக்கத்து ஊரிலேயே ரத்தம் எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டத்தைத் திருத்தினார்கள். பயணப்படியோடு ஒரு நாள் கூலியும் சேர்ந்தது. கூலி கொடுத்தால் பணத்துக்காகவே ஆட்கள் சேருவார்கள் என்று ஒரு உறுப்பினர் தயங்கினார். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். ஏழையைக் காசு காட்டி இழுக்கக் கூடாது. ஆனால் போன கூலியைத் திருப்பிக் கொடுப்பது இழுப்பது ஆகாது என்று நான் நின்றேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இதையெல்லாம் இரக்கத்துக்காக மட்டும் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். ஆய்வு உருப்படியாக முடிவதற்கே இது தேவை. 200 பேரைச் சேர்த்துக் குலுக்கல் முறையில் 100 பேருக்குப் புது மருந்து, 100 பேருக்கு வழக்கமான மருந்து கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். குலுக்கிப் போடுவதே, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆட்கள் இருக்க வேண்டும் என்பதற்காக. கடைசி நாளில் ஒரு பக்கம் 30 பேர் வரவில்லை. ஏன் வரவில்லை? புண் ஆறிவிட்டது, வயலுக்குப் போய்விட்டார்கள் என்று இருக்கலாம். மருந்து ஒத்துக்கொள்ளாமல் பயந்து நின்றிருக்கலாம். முதலாவது என்றால் நல்ல மருந்து மோசமாகத் தெரியும், இரண்டாவது என்றால் மோசமான மருந்து நல்லதாகத் தெரியும். மீதி 70 பேரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அது யாருக்கும் உதவாது. அதனால்தான், பாதியில் நின்றவரையும் அவர் சேர்ந்த பக்கத்திலேயே வைத்து எண்ணச் சொல்கிறார்கள். ஆனால் அவர் கால் என்ன ஆயிற்று என்று தெரியாமல் எதை எண்ணுவது?

நோயாளிக்குப் பொறுப்பில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுவது சுலபம். அந்த மாதிரி வரியைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

நோயாளி இருக்கும் இடத்துக்கு ஆய்வு போனால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. அந்தக் காலத்தில் டி.பி. என்றால் மாதக் கணக்கில் தங்கவைக்கும் சானடோரியம் ஆஸ்பத்திரிதான். எங்கள் ஜில்லாவில் செங்கிப்பட்டி. அந்தப் பெயரைச் சொன்னாலே வீட்டில் பேச்சு நின்றுவிடும் என்று என் அம்மா சொல்வார். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று எல்லாம் கிடைக்கும். அவ்வளவும் இருந்தால்தான் நோய் குணமாகுமா, அல்லது நெருக்கடியான வீட்டில், அரைவயிற்றுச் சாப்பாட்டில் இருக்கிற ஆளுக்கும் அதே மாத்திரை வேலை செய்யுமா? இதுதான் கேள்வி. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பங்கை சானடோரியத்திலும் ஒரு பங்கை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரு வருஷம் மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களைச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்து, மாத்திரையை எண்ணி, சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போகிறதா என்று உறுதி செய்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாகக் குணமாகியிருந்தார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. டி.பி.க்கு ஊரை விட்டு, பிள்ளைகளை விட்டுப் போக வேண்டிய கட்டாயம் உலகம் முழுக்கக் குறைந்ததற்கு அந்த ஏழைகள் கொடுத்த ஒரு வருஷமும் ஒரு காரணம். சேத்துப்பட்டில் இருக்கும் அந்த இடம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

“நம்மள வச்சு சோதிச்சுப் பாக்குறாங்களாக்கா?” என்று தெருவில் கேட்பவர்களிடம் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். அப்புறம், பார்த்தவுடன் நல்லது என்று தோன்றும் காரியத்தைக்கூட ஏன் சோதிக்க வேண்டும் என்றும் சொல்வேன். பூச்சிமருந்தால் போகும் உயிர்களை நம் பக்கம் எல்லா ஊரும் பார்த்திருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், பூச்சிமருந்து டப்பாவை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஒரு இடத்தில் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். பலன் இருக்கும் போலத் தெரிந்தது, ஆனால் அது சின்ன ஆய்வு. இலங்கை அநுராதபுரத்தில் 180 கிராமங்களில், வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துப் பெரிய அளவில் சோதித்தார்கள். 2017-இல் வந்த முடிவு: வீட்டுப் பெட்டியால் உயிரிழப்பு குறைந்ததற்கு ஆதாரமில்லை. சோதிக்காமல் இருந்திருந்தால் அரசாங்கங்கள் பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்திருக்கும்.

மனநல ஆய்வுகளில் கவனிக்க வேண்டியது வேறு. மனச்சோர்வு உள்ள பெண்களுக்குப் போனில் கவுன்சலிங் கொடுக்கும் திட்டம் ஒன்றை ஒரு முறை படித்தேன். வாரம் ஒரு நாள், மாலை ஏழு மணிக்கு மேல் அழைப்பு. எங்கள் கிராமங்களில் அந்த நேரத்தில் போன் யாரிடம் இருக்கும்? பாதி வீடுகளில் வீட்டுக்காரரிடமோ, காலேஜ் போகும் பையனிடமோ. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். மாமியாரைப் பற்றியோ, குடித்துவிட்டு வருபவரைப் பற்றியோ அவள் என்ன பேசுவாள்? “நல்லா இருக்கேன்” என்பாள். அதையும் ஆய்வில் குறித்துக்கொள்வார்கள். பகல் பதினொரு மணிக்கு, அவள் சொல்லும் நேரத்தில், ஊரிலேயே ஒரு இடத்தில் வைத்துப் பேசலாம் என்று நான் எழுதிக் கொடுத்தேன்.

யாராவது உங்களை ஆய்வில் சேரச் சொன்னால் ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூடவே இருந்து முழுவதையும் கேட்க வேண்டும், இது விதி. இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேடு சி.டி.ஆர்.ஐ., அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள். மருந்து ஆய்வுகளை இந்தப் பதிவேட்டில் பதிவது 2009-இலிருந்து கட்டாயம். ஆய்வால் உடம்புக்கு ஏதாவது வந்தால் வைத்தியம் இலவசம், ஆய்வுதான் காரணம் என்றால் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினதால் வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்த முடியாது. இதோடு நான் ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன்: வர வேண்டிய நாட்களையெல்லாம் எழுதி வாங்கி, காலண்டரில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி வேறொரு மருத்துவமனையின் ஈறு நோய் ஆய்வில் சேர்ந்திருக்கிறார். வெற்றிலை பாக்கு போட்டுப் போட்டுப் பல்லெல்லாம் ஆடும் நிலை. “அக்கா, மூணாவது தடவை போற நாளு நடவுல வருது, நின்னுடட்டுமா?” என்று கேட்டார். நிற்க வேண்டாம், போன் போட்டுக் கேளுங்கள் என்றேன். பெரும்பாலான ஆய்வுகளில் குறித்த நாளுக்கு முன்னே பின்னே சில நாள் இடம் விட்டிருப்பார்கள். அவருடைய ஆய்வில் ஏழு நாள் இருந்தது. நடவை முடித்துவிட்டு வரும் செவ்வாய்க்கிழமை போகிறார்.