ஃப்ரிப் பஞ்சாயத்து
மண்டபம் டீக்கடையில் நேற்றும் அதே சண்டை. இங்கிலாந்து கிதார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப் என்றால் அவருடைய ராக் இசைக்குழு கிங் கிரிம்சன்தான், மற்றவர்களோடு வாசித்ததெல்லாம் சில்லறை வேலை என்கிறான் தங்கச்சிமடத்து நண்பன். எனக்கு ஒப்பவில்லை. 1973-ல் இசைக்கலைஞர் பிரையன் ஈனோவோடு சேர்ந்து செய்த ஆல்பத்தைக் கேளுங்கள். இரண்டு டேப் ரெக்கார்டர், இரண்டிலும் ஓடும் ஒரே டேப். ஒன்றில் பதிவது சில நொடி கழித்து மற்றதில் ஒலித்து, திரும்ப முதலாவதற்கே வந்து மறுபடி பதிவாகும். ஒற்றை கிதார், அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகும்! 1977-ல் பெர்லினில் பாடகர் டேவிட் போவியின் 'ஹீரோஸ்' பாட்டுக்கு வாசித்தவரும் இவர்தான். அதில் வரும் நீண்ட கிதார் இழுவை முழுக்க ஃபீட்பேக், அதாவது ஆம்ப் என்னும் ஒலிபெருக்கியின் சத்தம் கிதாருக்கே திரும்பி வந்து நீள்வது (ஆம்ப்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது என்பதுகூடக் கணக்கு). அப்புறம் பாடகர் டேவிட் சில்வியன். அவரோடு வாசித்ததை இவன் கேட்டதே இல்லையாம்! பஸ் பாம்பன் பாலம் ஏறும் முன்பே லிங்க் அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை. கேட்டவர்கள் யாராவது கமெண்டில் என் பக்கம் வாங்கப்பா.