யாருடைய பத்து மணி?

"அந்தம்மாவுக்கு நாம சொன்னது சாயங்காலம் அஞ்சு மணிதானே அண்ணா?" என்று எங்கள் மென்பொருளுக்கு டெஸ்டிங் பார்த்த பெண் கேட்டாள். "கிளினிக் நேரம்தான் கணக்கு" என்றேன். அந்தப் பதில் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் மனசு அங்கேயே சுற்றுகிறது.

2022 அக்டோபர் 30-இல் மெக்சிகோ கடைசியாகக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைத்துவிட்டு, கோடையில் ஒரு மணி முன்னால் வைக்கும் கோடை நேரத்தையே கைவிட்டது. சட்டம் வெளியானது அதற்கு இரண்டு நாள் முன்புதான். எங்கள் அப்பாயின்ட்மென்ட் மென்பொருளில் அடுத்த மே வரை பதிவுகள் இருந்தன, எல்லாம் யூடிசியில், அதாவது உலகம் முழுவதற்கும் ஒன்றான பொது நேரத்தில். மே மாதத்தில் மெக்சிகோ சிட்டி காலை 10 என்றால் 15:00 என்று சேமித்திருந்தோம். ஊர்களின் நேர விதிகள் அடங்கிய டைம்சோன் தரவைப் புதுப்பித்ததும் அதே 15:00 திரையில் 9 மணியாகத் தெரிந்தது. டாக்டர் வருவதே பத்து மணிக்கு.

எதையும் யூடிசியில் வை என்றுதான் இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நடந்து முடிந்ததற்கு அது சரி. வரப்போகிற நேரத்துக்கு, அந்த நாட்டு அரசாங்கம் விதியை மாற்றாதவரைதான் அது செல்லும்.

பழைய விதிப்படி உள்ளூர் நேரத்தை எடுத்து, புது விதிப்படி மறுபடி யூடிசியாக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினோம். டிஹுவானா மாதிரி அமெரிக்க எல்லையோர ஊர்களில் கோடை நேரம் தொடர்ந்ததால் அவற்றைத் தொடவில்லை. இதுவரை குழப்பமே இல்லை.

அப்புறம்தான் மாட்ரிட்டிலிருந்து வீடியோவில் டாக்டரைப் பார்க்கப் பதிந்திருந்த அந்தப் பெண்மணியின் பதிவு வந்தது. 15:00 யூடிசி அவருக்கு மாலை 5. 16:00 ஆக்கினால் 6. அவர் நாட்டில் எந்த விதியும் மாறவில்லை. அஞ்சு மணிக்கென்று வேலையிடத்தில் அனுமதி வாங்கியிருக்கலாம், போன் காலண்டரில் ஏற்றியிருக்கலாம். டாக்டரை நகர்த்த முடியாது, அதனால் அவரை நகர்த்தினோம். மெயில் போனது. பதில் வரவில்லை.

வேறென்ன செய்திருக்க முடியும்? ஒரு டாக்டர், ஒரு அறை, பின்னால் வரிசையாக நோயாளிகள். ஆனால் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மெயில் போதும் என்று முடிவு செய்ததும் நான்தான்.

இப்போது வரப்போகும் அப்பாயின்ட்மென்ட்களை உள்ளூர் நேரம், டைம்சோன் பெயர் என்று டேபிளில் இரண்டு பத்திகளாகச் சேமிக்கிறோம். டைம்சோன் பத்தியில் போவது கிளினிக்கின் ஊர்தான். நோயாளியின் ஊருக்கும் ஒரு பத்தி வைக்கலாம் என்று டெஸ்டிங் பார்க்கும் அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். இரண்டும் முரண்பட்டால் எதை எடுப்பது என்று நான் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை.