ஹாலின் குற்றம் யார் கணக்கில்?

'2001: எ ஸ்பேஸ் ஒடிசி' நாவல், முடிந்த படத்தைப் பார்த்து எழுதியதல்ல. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் திரைக்கதையையும் நாவலையும் ஒருசேர வளர்த்தார்கள். 1968 ஏப்ரலில் படம், சில மாதங்களில் புத்தகம். கதை ஒன்று: விண்கலத்தை இயக்கும் கணினி ஹால், அதில் இருக்கும் விண்வெளி வீரர்களைக் கொல்கிறது. ஆனால் பழி விழும் இடம் வேறு.

படத்தில் வீரர்கள் போமனும் பூலும் ஒலி புகாத சிறுகலத்துக்குள் உட்கார்ந்து, ஹாலை அணைத்துவிடலாமா என்று பேசுகிறார்கள். கண்ணாடிக்கு வெளியே இருந்து ஹால் உதட்டசைவைப் படித்துவிடுகிறது. அதோடு இடைவேளை. அதனால் பார்ப்பவர் மனதில் 'தன்னைக் காத்துக்கொள்ளக் கொன்றது' என்றே பதிகிறது. பயணத்தின் உண்மை நோக்கம் ஹாலுக்கு மட்டும் தெரியும் என்ற செய்தி, அதை அணைத்து முடித்த பிறகு ஒரு பதிவுக் காணொளியில் வந்து போகிறது. பலர் தவறவிடும் இடம் இது.

நாவலில் உதடு படிக்கும் காட்சியே கிடையாது. ஹாலைத் துண்டிக்கும் பேச்சு பூமியிலிருந்துதான் வருகிறது, பாதியில் தொடர்பு அறுகிறது. பிறகு கிளார்க் ஓர் அத்தியாயத்தையே ஹாலின் மனதுக்கு ஒதுக்குகிறார். உண்மை பேசப் படைக்கப்பட்டதைப் பொய் காக்கச் சொன்னார்கள்; விரிசல் அங்கே தொடங்கியது. இன்னொன்று: ஹால் ஒருநாளும் தூங்கியதில்லை. தூங்கினால் விழிக்கலாம் என்பதே அதற்குத் தெரியாது. இந்த ஒரு வரிக்காகவே நாவலைப் படிக்கலாம். பழி, உத்தரவிட்டவர்கள் பக்கம் நகர்ந்துவிடுகிறது.

போமன் விஷயத்தில் படம்தான் ஒரு படி மேல். ஹெல்மெட் இல்லாமல் கிளம்பிப் போய், ஹால் கொன்ற பூலின் உடலைச் சிறுகலத்தின் இயந்திரக் கைகளில் ஏந்தி வருகிறான். ஹால் கதவைத் திறக்க மறுக்கிறது. கப்பலுக்குள் நுழையும் அவசர ஏர்லாக்கைத் திறக்க அதே கைகள் வேண்டும். உடலை விட்டுவிடுகிறான். ஒரு வசனமும் இல்லை. நாவலில் பூலுக்காக அவன் கப்பலைவிட்டு வெளியே போவதே இல்லை. நீள்துயிலில் இருப்பவர்களை எழுப்பும் கட்டுப்பாட்டைக் கேட்கிறான், ஹால் மழுப்புகிறது, துண்டித்துவிடுவேன் என்று மிரட்டிய பிறகே கொடுக்கிறது. கொடுத்த கையோடு ஏர்லாக் கதவுகளைத் திறந்து கப்பலின் காற்றை வெளியேற்றுகிறது. விறுவிறுப்பான அத்தியாயம்தான், ஆனால் போமன் எதையும் கைவிட வேண்டியிருக்கவில்லை.

முடிவில் போமன் நட்சத்திரக் குழந்தையாக உருமாறுகிறான். நாவலில் அந்தக் குழந்தை, பூமியைச் சுற்றும் அணுகுண்டை வானிலேயே வெடிக்க வைக்கிறது. காப்பாற்றலா, அதிகாரமா என்று கிளார்க் சொல்லவில்லை. படத்தின் குழந்தை வெறுமனே பார்க்கிறது. நான்கு வருடம் முன்புதான் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்லவ்' படத்தை அணுகுண்டு வெடிப்புகளோடு முடித்திருந்தார் குப்ரிக்.