அப்பா பெயரில் வந்த கிசான் பணமும் அதன் பின்னால் இழுபட்டு வந்த காகிதங்களும்

அப்பா இறந்த அடுத்த மாதமும், விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் தவணை 2,000 ரூபாய் அவர் கணக்கில் வந்து விழுந்தது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், நாலு மாதத்துக்கு ஒரு தவணை. நாம் சொல்லாமல் அவர் இறந்தது யாருக்குத் தெரியும்? பங்காளி ஒருவர், "அரசாங்கத்துப் பணம்தானே, ஏடிஎம்ல எடுத்துக்கோ, யாரு கேக்கப் போறா" என்றார். 2020-ல் தகுதியில்லாதவர்கள் பெயரில் இந்தத் திட்டப் பணம் போய், பிறகு ஊர் ஊராகத் திரும்ப வசூல் செய்தது எனக்கு ஞாபகம் இருந்தது. எடுக்கவில்லை. வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய் உதவி வேளாண்மை அலுவலரிடம் இறப்புச் சான்றைக் கொடுத்தேன். அவர் சொன்னது ரெண்டு விஷயம்: இறந்த பிறகு வந்த பணத்தைத் திருப்பிக் கட்டணும், அம்மா பெயருக்குப் புதிதாகப் பதியணும் என்றால் முதலில் பட்டாவில் அம்மா பெயர் வரணும். மானியத்துக்கென்று போனவனைப் பட்டா அங்கிருந்து இழுத்துக்கொண்டு போனது.

ஈரோட்டுக்குத் தெற்கே, கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் வயல், கிணற்றை நம்பி ஒரு மேட்டாங்காடு, எல்லாம் சேர்ந்து ஐந்து ஏக்கருக்குள். வயல் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்த கூட்டுப்பட்டா. பட்டாவில் அப்பா பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று இருக்கும், ஆதாரில் இருக்காது. வங்கிக் கணக்கில் இன்ஷியல் பின்னால் போயிருக்கும். உயிருடன் இருந்தவரை இது யாருக்கும் உறுத்தவில்லை. அதனால் ஆஸ்பத்திரியில் இறப்பைப் பதியும்போதே ஆதாரில் உள்ள எழுத்துப்படி பெயரைக் கொடுங்கள். பட்டாவில் உள்ளவரும் இவரும் ஒருவரே என்று கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்குவது தனி வேலை. இன்னொன்று, இறந்தவரின் சிம் கார்டை ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள். அப்பா பெயரில் இருந்த பழைய மனு எதைத் திறக்கப் போனாலும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போனது.

வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனு போட்டோம். கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேலே போய் வட்டாட்சியர் அலுவலகத்தில் கையெழுத்தாகிறது. மனுவில் அம்மா, அக்கா, நான் என்று மூன்று பேரை எழுதிக்கொண்டு போக, "அப்பத்தா இருக்காங்களா?" என்று கேட்டார் கிராம நிர்வாக அலுவலர். இருக்கிறார், சாளையில் கயிற்றுக் கட்டிலில். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன் இறந்தால் அவன் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவி, மகன், மகளோடு சரிசமப் பங்கு. எங்கள் பக்கம் நிறையப் பேருக்கு இது தெரியாது. அப்பத்தாவிடம் சொன்னால், "எம் பையன் காட்டுல எனக்கு என்னத்துக்குச் சாமி பங்கு? எங்க ரேகை வெக்கோணும்னு சொல்லு, வெக்கறேன்" என்றார். ரேகை வைக்க வைத்துவிடலாம்தான். ஆனால் அவர் பங்கு என்னவென்று அவருக்கு நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுச் செய்வதே முறை என்று அக்காள் மாப்பிள்ளை சொன்னார். அப்படியே செய்தோம்.

அப்பா ஒரு வெள்ளைத்தாளில் உயில் எழுதி வைத்திருந்தார். மேட்டாங்காடு அம்மாவுக்கு என்று. சாட்சி ரெண்டு பேர், பதிவு செய்யாதது. உடனே ஊரில் ஆளாளுக்கு, "கோர்ட்டுல புரொபேட் வாங்காம அது செல்லாது" என்றார்கள். புரொபேட் என்றால் உயில் உண்மைதான் என்று கோர்ட் தரும் சான்று. ஈரோட்டு வக்கீல் சிரித்துவிட்டார். புரொபேட் கட்டாயம் என்ற பேச்சு, சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயில், இல்லையென்றால் அங்கே இருக்கும் சொத்து என்றால்தான் இருந்தது; 2025 கடைசியில் அதையும் எடுத்துவிட்டார்கள். நம் ஊர்க் காட்டுக்கு நம் ஊரில் எழுதியதற்கு அது வேண்டாம். உயிலுக்குப் பதிவும் கட்டாயமில்லை, முத்திரைத்தாளும் வேண்டாம். குறைந்தது ரெண்டு சாட்சி கையெழுத்து வேண்டும். தகராறு வந்து கோர்ட்டுக்குப் போனால்தான் அந்தச் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்லணும். ஆனால் பதியாத உயிலை நீட்டினால் வருவாய்த் துறையில் மற்ற வாரிசுகளின் சம்மதத்தைக் கேட்கிறார்கள். நாங்கள் நான்கு வாரிசுகளும் ஒப்புக்கொண்டதால் கோர்ட் படி ஏறாமல் மேட்டாங்காட்டுப் பட்டா அம்மா பெயருக்கு மாறியது. ஒருவர் முரண்டு பிடித்திருந்தால் கதை வேறு.

வயல் விஷயத்தில்தான் பேச்சு நீண்டது. "அக்காகிட்ட விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிடு, பொறகு மாப்பிள்ளை வீட்ல எப்படி மாறுவாங்களோ" என்று கருமாதி முடியும் முன்பே ஓதினார்கள். தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவதுதான் விடுதலைப் பத்திரம். சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு, இனி என்ன பங்கு என்பது இங்கே பழைய பாட்டு. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டு வந்துவிட்டது. மத்திய அரசு 2005-ல்தான் வந்து சேர்ந்தது. குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக்கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. செலவு பெரிதில்லை. ஆனால் பட்டா மாற்றத்துக்கு அது தேவையே இல்லை. வாரிசுச் சான்றை வைத்து எல்லா வாரிசுகள் பெயரிலும் பட்டா வாங்கலாம். துக்கத்தோடு துக்கமாக அக்காவிடம் கையெழுத்துக்கு நிற்க எனக்கு மனசில்லை. நாலு பேர் பெயரிலும் ஏற்றிவிட்டோம்.

பட்டா வந்ததும் கிசான். எனக்குக் கிடைக்காது, திருப்பூரில் வேலை, வருமான வரி கட்டுகிறேன். வரி கட்டுபவர்கள் அதில் சேர முடியாது. 1-2-2019-க்குப் பிறகு நிலம் வாங்கியவர்களுக்கும் கிடையாது. வாரிசாக வந்த நிலத்துக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. அதனால் அம்மாவுக்கு உண்டு. இப்போது விவசாயி தனித்துவ அடையாள எண்ணும் கேட்கிறார்கள். பட்டாவும் ஆதாரும் கொண்டுபோய்ப் பொது சேவை மையத்தில் பதிந்தோம். அங்கே அம்மாவின் விரல் ரேகை விழவே இல்லை. நாற்பது வருஷமாக மஞ்சள் வெட்டி, சாணி வழித்த விரல். மையத்துப் பையன் துணியால் துடைத்து, எண்ணெய் தொட்டு, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். அம்மாவுக்கு ஏதோ தப்புப் பண்ணியது போலக் கூச்சம். அந்த அடையாள எண் பதிவைக் கைபேசி ஓடிபியை வைத்து முடித்தார்கள். கிசானுக்கான அடையாளச் சரிபார்ப்பை (இ-கேஒய்சி) செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். அப்புறம் தவணை வந்தது, ஆனால் நாங்கள் கொடுத்த கணக்கில் இல்லை. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கியை இணைத்தோமோ அங்கேதான் போகும்; கேஸ் மானியத்துக்கென்று எப்போதோ திறந்த கணக்கில் அது கிடந்தது.

கூட்டுறவு சங்கத்தில் அப்பா வாங்கிய பயிர்க்கடன் இருந்தது. கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை, தாண்டினால் உண்டு. சாவுக்காகக் கெடு தள்ளிப் போகாது. முதலில் அதைக் கட்டிவிட்டு மற்றதைப் பார்த்தோம். சொட்டுநீருக்கு அப்பா போட்டிருந்த மனுவை அம்மா பெயரில் புதிதாகப் போட வேண்டியிருந்தது. ஐந்து ஏக்கருக்குள் என்பதால் சிறு குறு விவசாயி சான்று கிடைத்தது, 100 சதவீத மானியம். மேலே போயிருந்தால் 75.

மின் இணைப்பில் பெயர் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். மேட்டாங்காட்டுக் கிணற்று மோட்டாருக்கு இலவச மின்சாரம். யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்து 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். அந்தப் போராட்ட வரலாற்றின் நீட்சியாக வந்ததுதான் இந்த இணைப்பு. இன்றும் எங்கள் பக்கம் பல கிணறுகளில் தாத்தா பெயரிலேயே ஓடுகிறது. கம்பம் மாற்றணும், மோட்டார் திறனைக் கூட்டணும் என்றால்தான் மாட்டிக்கொள்வார்கள். எங்களுக்குக் கிணற்றில் சித்தப்பாவுக்கும் பங்கு. அவர் ஆட்சேபணை இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தார். வாரிசுச் சான்று, பட்டா, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பது வயலில் சித்தப்பா பாகத்தைப் பிரித்து உட்பிரிவு செய்வது. மனு கொடுத்தாயிற்று. அளப்பதற்கு சர்வேயர் வரணும். மஞ்சள் நிற்கும்போது சங்கிலி இழுத்தால் பாதிச் செடி போய்விடும் என்று மாசிக் கடைசியில், வெட்டு முடிந்ததும் வரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.