தெக்கதிரு

அக்டோபர் 27, மார்த்தாண்டம்

கதையின் இரண்டாம் பக்கத்தை இன்று கிழித்துப் போட்டேன். 1954 ஆகஸ்ட் 11 அன்று இங்கேயும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றி என் ஆள் பக்கம் முழுக்கப் பேசிக்கொண்டே போகிறான். தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்றவர்களைச் சுட்டது சோசலிசம் பேசிய திருவிதாங்கூர்-கொச்சி அரசு, பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் அரசு. அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் லோகியாவே முதல்வர் பட்டம் தாணுபிள்ளையைப் பதவி விலகச் சொன்னார். எல்லாம் நடந்ததுதான். ஆனால் சந்தைக்கு மரச்சீனிக் கிழங்கு சுமந்து வந்தவன் இப்படிப் பேசுவானா? சத்தம் கேட்டதும் சுமட்டை எங்கே போட்டான், எந்த இடவழியில் ஓடினான் என்றல்லவா சொல்வான்!

அக்டோபர் 29

விடாத மழை. உருது எழுத்தாளர் மண்ட்டோவின் ‘டோபா டேக் சிங்’ கதையை மறுபடி வாசித்தேன். பிரிவினைக்குப் பிறகு இந்தியா, பாகிஸ்தான் இரண்டு அரசுகளும் பைத்தியக்காரர்களைப் பரிமாறிக்கொள்ள முடிவெடுக்கின்றன. அவர்களில் ஒருவனான பிஷன் சிங்குக்குத் தெரியவேண்டியது தன் ஊர் எந்தப் பக்கம் என்பது மட்டும். பதினைந்து வருஷம் நின்றே வீங்கிப்போன கால்கள் அவனுக்கு. எல்லைக்கோடு என்றால் என்னவென்று அந்தக் கால்களை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது.

நவம்பர் 1

1956இல் இதே நாளில்தான் எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்து நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. பாட்டிக்கு அப்போது பன்னிரண்டு வயது. படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், பாறசாலையில்.

தாத்தாவின் பழைய மலையாளப் பத்திரத்தை அவளிடம் நீட்டினேன். தலைப்பில் திருவிதாங்கூர் சங்கு, கொல்லம் ஆண்டு 1118, அதாவது 1942-43. என் நிலம்தான், எனக்கு ஒரு எழுத்து தெரியாது. பாட்டி கண்ணாடி இல்லாமல், விரலை வரிமேல் நகர்த்தி வாசித்தாள். நிலத்தின் நாலு பக்க அதிருகள் வந்த இடத்தில் விரல் நின்றது.

“தெக்கதிரு வருக்கப் பிலாவுன்னு போட்டிருக்கு மக்ளே. அதெ எப்பமோ முறிச்சாச்சே.”

பிறகு தங்கச்சிக்குப் போன் போட்டு, தெற்கு அதிரில் நின்ற அந்தப் பலாமரத்தை முறித்தது யார் என்று கேட்டாள். அரை மணிக்கூர் அதே பேச்சு. அவர்கள் பேச்சில் ஒரு தடவைகூட எல்லை வரவில்லை.

நவம்பர் 2

ராத்திரி புதிதாக ஆரம்பித்தேன். துப்பாக்கி இல்லை, கொடி இல்லை. ஒரு பேரன் பத்திரத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான். பாட்டி அதைத் திருப்பிக் கொடுக்கிறாள். நாலு வரி வந்திருக்கிறது.